ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் லைன்: டியூப் இழுக்கும் முன் அழுத்தத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது. சென்னையில் நாலு மாடி அப்பார்ட்மென்ட், மேல் மாடியில் வீடு. கதவிலேயே குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் வருகிற பெரிய ஃபிரிட்ஜ் வாங்கியாயிற்று. சமையலறைச் சுவரில் ஏற்கெனவே ஆர்.ஓ. மாட்டியிருக்கிறது. அதன் குழாயிலிருந்து ஒரு டியூப் இழுத்து ஃபிரிட்ஜில் சொருகிவிடலாம், அரை மணி நேர வேலை என்கிறார் பிளம்பர். செய்யலாமா?

அப்படிச் செய்யாதீர்கள். டியூபைச் சொருகுவது அரை மணி நேர வேலைதான், அதில் பிளம்பர் சொல்வது சரி. ஆனால் அந்த டியூபில் வரும் தண்ணீருக்கு ஃபிரிட்ஜ் கேட்கும் அழுத்தம் இருக்காது. இந்த வேலையில் நான் பார்த்த புகார்களில் ஒழுகலைவிட அதிகம் இதுதான்: தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, ஐஸ் கட்டி உள்ளே வெறும் கூடாக இருக்கிறது, ரெண்டு மாதத்தில் ஐஸ் வருவதே நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஃபில்டரை மாற்றுவார், அப்புறம் வால்வை மாற்றுவார், பணம் போகும். கோளாறு ஃபிரிட்ஜில் இல்லை என்பது கடைசியில்தான் தெரியும்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நம் நாட்டில் விற்கும் ஃபிரிட்ஜ்களில் கதவில் தண்ணீர் வரும் மாடல்கள் ரெண்டு வகை. ஒன்றில் கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அதில் நாமே தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு லைன் எதுவும் தேவையில்லை, கொடுக்கவும் முடியாது. இன்னொன்றுக்குத்தான் பிளம்பிங் இணைப்பு வேண்டும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழ் மூலையைப் பாருங்கள். கால் அங்குல டியூப் நுழையும் வாயோடு ஒரு வால்வு இருந்து, அதற்கு மின் ஒயரும் போனால் உங்களுடையது ரெண்டாவது வகை. கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பி பிளம்பரை வரவழைக்காதீர்கள்.

சரி, ரெண்டாவது வகைதான் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜோடு வரும் புத்தகத்தில் தண்ணீர் அழுத்தம் என்று ஒரு வரி இருக்கும். பல மாடல்களுக்கு அது 20 முதல் 120 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு); சிலவற்றில் கீழ் எல்லை 30 என்றும் இருக்கும். 20 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 1.4 பார். தெருக்குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் ஊர்களுக்குப் பொருந்தும் கணக்கு இது. அமெரிக்காவில் வீட்டுக்குள் வரும் லைனிலேயே பொதுவாக 40 முதல் 80 பிஎஸ்ஐ இருக்கும். அங்கே ஒரு டி (லைனை ரெண்டாகப் பிரிக்கும் இணைப்பு) போட்டு டியூப் இழுத்தால் வேலை முடிந்தது. நம் வீடுகளில் மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ சம்ப்பில் விழுந்து, மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்க்குக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையில் இறங்கி வருகிறது. டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அழுத்தம் அவ்வளவுதான்.

கணக்கு எளிது. தண்ணீர் 2.31 அடி உயரம் நின்றால் 1 பிஎஸ்ஐ. பத்தடிக்கு நாலேகாலுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் ஃபிரிட்ஜின் வால்வு தரையோடு இருக்கிறது. தரையிலிருந்து கூரை பத்தடி, அதற்கு மேல் டேங்க் மேடையும் தண்ணீர் மட்டமும் சேர்த்து ஏழெட்டு அடி. மொத்தம் பதினெட்டு அடி என்று வைத்துக்கொண்டாலும் 8 பிஎஸ்ஐகூடத் தேறாது. 20 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் டேங்க் 46 அடி மேலே இருக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும், அவருக்கும் மயிரிழையில்தான். தண்ணீர் ஓடும்போது எல்போ, வால்வு, ஃபில்டர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைவது தனி.

கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் அளந்தே பார்க்கலாம். ஹார்டுவேர் கடையில் அரை அங்குல மரையோடு பிரஷர் கேஜ் கிடைக்கும், விலை அதிகமில்லை. சிங்க்குக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடி, அதில் மாட்டியிருக்கும் டியூபைக் கழற்றிவிட்டு, டெஃப்லான் டேப் சுற்றி கேஜை மாட்டுங்கள். காக்கைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் பாத்ரூம் குழாயை ஒருவர் முழுசாகத் திறக்கட்டும். முள் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கெட் சீக்கிரம் நிரம்புகிறதே, அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அகலமான குழாயில் அழுத்தம் குறைவாக இருந்தாலும் தண்ணீர் நிறையவே கொட்டும். அதே தண்ணீர் கால் அங்குல டியூபில், கார்பன் ஃபில்டரைத் தாண்டி, கதவு வரை ஏற வேண்டும்போதுதான் திணறும்.

அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மெதுவாக வரும், அவ்வளவுதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றலாம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஜின் பின்னால் இருப்பது சோலினாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடுவது. மின்சாரம் வந்ததும் அதன் நடுவில் இருக்கும் சின்ன ஊசி மேலே எழும். ஒரு சிறு துளை திறக்கும். அதன் பிறகு பெரிய ரப்பர் டயஃப்ரமைத் தூக்குவது தண்ணீரின் அழுத்தமே. மூடும்போதும் அப்படித்தான். மின்சாரம் நின்றதும் ஊசி இறங்கும், டயஃப்ரமை அழுத்தி உட்காரவைப்பது பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர். அந்தத் தள்ளல் போதவில்லை என்றால் டயஃப்ரம் சரியாக உட்காராது, சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டு போய்ச் சேரும் இடம் ஃப்ரீசர். ஐஸ் தட்டுக்குத் தண்ணீர் விடும் குழாயின் நுனியிலேயே அது உறைந்து அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் தட்டு வழிந்து, கீழே இருக்கும் ஐஸ் கூடை முழுவதும் ஒரே பாறையாகிவிடும். ரெண்டு மாதத்தில் ஐஸ் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் சுவர் ஆர்.ஓ.வுக்கு வருவோம். அதற்குள் ஒரு பம்ப் இருக்கிறதே, அது அழுத்தம் தராதா என்று கேட்பீர்கள். தரும், ஆனால் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்ப்ரேன் வரைக்கும்தான். மெம்ப்ரேனைத் தாண்டி வரும் சுத்தத் தண்ணீர் உள்ளே இருக்கும் ஏழெட்டு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் சாதாரணமாக விழுகிறது. தொட்டி நிறைந்ததும் மிதவை பம்ப்பை நிறுத்துகிறது. முன்னால் இருக்கும் குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் தன் எடையில் இறங்குகிறது. ஆர்.ஓ. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தால் ஃபிரிட்ஜ் வால்வில் கிடைப்பது 2 பிஎஸ்ஐ சுமார். மொட்டைமாடி டேங்க்கிலிருந்து நேராக எடுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு.

தொட்டிக்குப் போகும் முன்பே, மெம்ப்ரேனிலிருந்து வரும் டியூபை வெட்டி ஃபிரிட்ஜுக்குத் திருப்பிவிடும் ஆட்களும் உண்டு. அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். வீட்டு ஆர்.ஓ. மணிக்கு 12 லிட்டர் போலத் தருவது. நிமிடத்துக்கு 200 மில்லி. ஐஸ் மேக்கர் சில விநாடிகள்தான் வால்வைத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் தட்டுக்குப் போவது இருபது முப்பது மில்லி. தட்டு எப்படி நிறையும்? இன்னொரு பக்கம், ஃபிரிட்ஜ் வால்வு மூடியதும் பம்ப் நிற்க வழியில்லை, ஏனென்றால் அதை நிறுத்தும் மிதவை தொட்டியில் அல்லவா இருக்கிறது.

சரியான வழிகள் சில இருக்கின்றன. சொந்த வீடு, பல வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு சிங்க்குக்கு அடியில் வைக்கும் பிரஷர் டேங்க் ஆர்.ஓ.வுக்குத்தான். இதில் திறந்த தொட்டிக்குப் பதிலாக உள்ளே ரப்பர் பை வைத்த உருண்டையான டேங்க் இருக்கும். பைக்கு வெளியே காற்று அடைத்திருக்கும். தண்ணீர் உள்ளே போகப் போகக் காற்று சுருங்கி அழுத்தம் ஏறும். 40 பிஎஸ்ஐ வந்ததும் பிரஷர் ஸ்விட்ச் பம்ப்பை நிறுத்தும். அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளி ஃபிரிட்ஜ் வரை அனுப்புகிறது. டேங்க்கிலிருந்து வரும் லைனில் ஒரு டி போட்டு, ஒன்றைச் சிங்க் குழாய்க்கும் இன்னொன்றை ஃபிரிட்ஜுக்கும் கொடுக்கலாம்.

இதில் ரெண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 12 லிட்டர் டேங்க் என்று வாங்கினால் தண்ணீர் பிடிப்பது ஏழு லிட்டர் போலத்தான், மீதி இடம் காற்றுக்கு. அதில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டால் அழுத்தம் 20க்குக் கீழே போய்விடும். பம்ப் ஓடித் திரும்ப ஏற்றும்வரை ஐஸ் மேக்கருக்குத் திண்டாட்டம். ஆகவே சமையலுக்குக் குடம் குடமாக இதே டேங்க்கில் பிடிக்கும் பழக்கம் இருந்தால் பெரிய டேங்க்காக வாங்குங்கள். ரெண்டாவது, காற்று. டேங்க் காலியாக இருக்கும்போது அதில் 7 பிஎஸ்ஐ காற்று இருக்க வேண்டும். டேங்க்கின் பக்கவாட்டில் நீல மூடிக்குள் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். டயர் கேஜை வைத்தே பார்த்துவிடலாம், குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப்பே போதும். தண்ணீரை முழுசாக வடித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை இதைச் செய்யாமல் டேங்க்கையே மாற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

இருக்கும் சுவர் ஆர்.ஓ.வை மாற்ற மனமில்லை என்றால், அதன் தொட்டியிலிருந்து இழுத்து ஃபிரிட்ஜுக்குத் தள்ள ஒரு சின்ன டயஃப்ரம் பம்ப்பைத் தனியாக வைக்கலாம். பிரஷர் ஸ்விட்ச் உள்ள பம்ப்பாக இருக்க வேண்டும்: ஃபிரிட்ஜ் வால்வு திறந்து அழுத்தம் இறங்கினால் ஓடும், மூடினால் நிற்கும். தொட்டி காலியானால் பம்ப் வெறுமனே ஓடிக் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மிதவை ஸ்விட்ச்சும் வேண்டும். வேலை செய்யும், ஆனால் பழுதாகக்கூடிய பாகங்கள் கூடிவிடும். சமையலறையில் பம்ப் சத்தமும் கேட்கும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது கேன் முறை. 20 லிட்டர் கேனுக்குள் விடும் உறிஞ்சுகுழல், அதோடு சேர்ந்த சிறு பம்ப், 40 பிஎஸ்ஐ போல அழுத்தம் தரும் ஸ்விட்ச் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்கிறது. ஆபீஸ் காபி மெஷின்களுக்கு இப்படித்தான் தண்ணீர் கொடுக்கிறார்கள். சுவரில் துளை வேண்டாம், குழாயில் கை வைக்க வேண்டாம், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம். காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். எது கசிந்தாலும் அதிகபட்சம் ஒரு கேன் தண்ணீர்தான் தரையில் ஓடும், அது பெரிய நிம்மதி. கேன் வாங்கும்போது ஐ.எஸ். 14543 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் படும் பால்கனியில் வைக்காதீர்கள். திறந்த கேனைச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தனி வீட்டில் மொட்டைமாடியில் பிரஷர் பம்ப் வைத்து வீடு முழுவதற்கும் 30, 40 பிஎஸ்ஐ கொடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அவர்களுக்குப் பிரச்சினை அழுத்தம் அல்ல, தண்ணீரின் தரம். அந்தப் பக்கம் போவோம், ஏனென்றால் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான்.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதனால் குழாய்த் தண்ணீரை நேரே கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். அது பொதுவாகக் கார்பன் ஃபில்டர். குளோரின் வாடை, ருசி, தூசி இவற்றை எடுக்கும். சில மாடல்கள் ஈயம் போன்றவற்றையும் குறைக்கும். உப்பை எடுக்காது, கடினத்தன்மையைத் தொடாது, கிருமியைக் கொல்லாது. ஃபில்டர் தாளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: கிருமி விஷயத்தில் பாதுகாப்பில்லாத, அல்லது தரம் தெரியாத தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிக்காமல் இதில் விடாதே என்று. லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் கட்டடத்தில் தரம் தெரியாத தண்ணீர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் செய்த ஐஸைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். உறைவதால் கிருமிகள் எல்லாம் செத்துவிடுவதில்லை. எனவே குடிக்கும் தரத்துக்கு வந்த தண்ணீரை மட்டும் ஃபிரிட்ஜுக்குக் கொடுங்கள்.

உங்கள் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டுமா வேண்டாமா என்பதை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பார்த்து முடிவு செய்யுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டிடிஎஸ் இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மைக்கு இதே கணக்கு 200, 600. டிடிஎஸ் 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது, தண்ணீர் வீணாகிறது என்பதால். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற தெருவில் ஆர்.ஓ. மாட்டுவது அநியாயம், அங்கே கார்பனும் யு.வி.யும் (கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) இருக்கும் சுத்திகரிப்பான் போதும், அதற்குப் பின்னால் அழுத்தத்துக்கு ஒரு பம்ப். சென்னையில் போர் தண்ணீரையே நம்பியிருக்கும் கட்டடங்களுக்கு ஆர்.ஓ. இல்லாமல் முடியாது.

கடினத் தண்ணீரை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு டம்ளரிலேயே பார்க்கலாம். ஐஸ் கட்டி நடுவில் பால் வெள்ளையாக இருக்கும். டம்ளரில் போட்டு உருகவிட்டால் தண்ணீரில் வெள்ளைச் செதில்கள் மிதக்கும், சற்று நேரத்தில் அடியில் படியும். பிளாஸ்டிக் உதிர்கிறது என்று பயந்து போன் செய்வார்கள். அது பிளாஸ்டிக் அல்ல, சுண்ணாம்பு. தண்ணீர் உறையும்போது கரைந்திருந்த கால்சியத்தை வெளியே தள்ளிவிடுகிறது. உருகும்போது அது திரும்பக் கரைவதில்லை. அந்தச் செதில்கள்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்துக் கரையும். குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதே சுண்ணாம்பு வால்வின் வாயிலுள்ள சல்லடையிலும் படிந்துகொண்டிருக்கும்.

ஆர்.ஓ. தண்ணீரைக் கொடுப்பதாக இருந்தால் ஃபிரிட்ஜ் ஃபில்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பைபாஸ் மூடியைப் போடலாம். பல மாடல்களுக்கு மூடி தனியாகவோ ஃபிரிட்ஜோடு சேர்ந்தோ கிடைக்கிறது. ஏற்கெனவே சுத்தமான தண்ணீரை இன்னொரு கார்பனில் விட்டால் அழுத்தம்தான் வீணாகும். ஃபில்டரை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும், குறைவாகப் பயன்படுத்தினாலும் கூட. குளோரினை எடுத்துவிட்ட ஈரமான கார்பனில் கிருமிகள் குடியேறும்.

இனி வேலை. கால் அங்குல உணவுத்தர பாலிஎத்திலீன் டியூப் போதும். தாமிரக் குழாய் பெரிய இடத்து வேலை மாதிரித் தெரியும், ஆனால் ஆர்.ஓ. தண்ணீருக்கு அது ஆகாது. உப்பு எடுத்த தண்ணீர் உலோகத்தை அரிக்கும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு பித்தளையும் தாமிரமும் வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகு. எலித் தொல்லை உள்ள வீடு என்றால் அலமாரிக்குப் பின்னால் போகும் பகுதிக்கு எஃகு வலை சுற்றிய ஹோஸ் போடுங்கள். எலி பிளாஸ்டிக் டியூபைக் கடிக்கும்.

புஷ் ஃபிட்டிங்கில் சொருகும் நுனியை எப்படி வெட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கினால் நுனி ஒரு பக்கம் நீண்டு, கொஞ்சம் நசுங்கியும் இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கம்தான் பிடிக்கும். அன்றைக்கு ஒழுகாது, ராத்திரி பம்ப் ஏற்றி அழுத்தம் உச்சத்துக்கு வரும்போது ஒழுகும். டியூப் கட்டரால் நேராக வெட்டி, நுனியிலிருந்து 15 மில்லிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு ஃபிட்டிங்குக்குள் மறையும்வரை அழுத்த வேண்டும். முதலில் ஒரு தடை தட்டும், பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதையும் தாண்டி இன்னொரு அழுத்து, அப்புறம் ஒரு முறை வெளியே இழுத்துப் பார்த்து, வராது என்றால் லாக் கிளிப்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ரெண்டு மீட்டராவது டியூப் சுருளாக மிச்சம் விடுங்கள், துடைக்க இழுக்கும்போது டியூபும் கூடவே வர வேண்டும். சக்கரத்துக்கு அடியில் மாட்டாமல் சுருளைச் சுவரோடு கிளிப் போட்டு நிறுத்துங்கள். அடுப்புக்குப் பின்னாலும் கீசர் பைப்பை ஒட்டியும் கொண்டுபோக வேண்டாம். வெந்நீர் லைனில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சுவருக்குள் புதைத்தே ஆக வேண்டுமென்றால் முக்கால் அங்குல பிவிசி கான்ட்யூட்டுக்குள் விட்டுப் புதையுங்கள், நாளைக்கு டியூபை உருவி மாற்றலாம்.

மூடும் வால்வு கை எட்டும் இடத்தில் இருப்பது அவசியம். ஃபிரிட்ஜுக்கு நேர்பின்னால் வைத்தால், தண்ணீர் கொட்டும் நேரத்தில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியை யார் நகர்த்துவது? பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள். மின் பிளக்குக்கு நேர்மேலே தண்ணீர் இணைப்பு எதுவும் வரக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வாங்கி வரும் சில செட்டுகளில் பைப்பை ஊசியால் துளைத்து மாட்டும் சேடில் வால்வு இருக்கும். நாளடைவில் ஒழுகும் சாமான் அது, அங்கேயே பல ஊர்களில் அனுமதிப்பதில்லை. நம் சிபிவிசி குழாயில் அதைப் போடவே வேண்டாம். ஆங்கிள் காக்கில் மாட்டும் அரை அங்குல டி, அதில் கால் அங்குல பால் வால்வு, இது போதும்.

தண்ணீர் லைன் தயாராகும்வரை ஐஸ் மேக்கர் ஸ்விட்ச்சை அணைத்தே வையுங்கள். தண்ணீர் இல்லாமல் வால்வு திறக்க முயன்றால் உர்ரென்று சத்தம் போடும், நாளாக ஆக அதன் மின்கம்பிச் சுருளே பாழாகும். லைன் கொடுத்த அன்று வால்வைப் பாதி திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் சுற்றித் துடையுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். இணைப்புகளுக்கு அடியில் இரவு முழுவதும் ஒரு தாளை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். கதவு லீவரை ஐந்து விநாடி அழுத்தி, ஐந்து விநாடி விட்டு, திரும்ப அழுத்துங்கள். முதலில் காற்றும் துப்பலும், ஃபில்டர் இருந்தால் கரித்தூளும் வரும். பத்து லிட்டர் போல வெளியேற்றிய பிறகு குடிக்கலாம்; அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். அப்புறம் ஐஸ் மேக்கரைப் போடுங்கள். முதல் ஐஸ் விழ ஒரு நாள் வரை ஆகலாம், அந்த முதல் நாள் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் ஃபிரிட்ஜுக்குள் சுருட்டி வைத்திருக்கும் ஒரு சின்னத் தொட்டியிலிருந்துதான் வருகிறது. விருந்தாளிகள் வந்து வரிசையாக டம்ளர் பிடித்தால் சில டம்ளருக்கு அப்புறம் வருவது சாதாரணத் தண்ணீர். மே மாதத்தில் அம்மாவின் மண்பானையைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை: கேஜில் 8 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் வந்தால், சுவர் ஆர்.ஓ.வைக் கழற்றி விற்றுவிட்டு, சிங்க் அடியில் பிரஷர் டேங்க் ஆர்.ஓ. வாங்குங்கள். வாங்கும்போதே பூஸ்டர் பம்ப்பும் பிரஷர் ஸ்விட்ச்சும் சேர்ந்ததா என்று கேளுங்கள். பம்ப் இல்லாத மாடல் மேல் மாடியில் மெம்ப்ரேனைக்கூடத் தாண்டாது. கூடவே தரையில் வைக்கும் கசிவுத் தடுப்பான் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். அதற்குள் இருக்கும் மாத்திரை ஈரம் பட்டதும் உப்பி வால்வை மூடிவிடும். கரண்ட் வேண்டாம். டியூப் கழன்றால் டேங்க்கில் உள்ள தண்ணீரோடு நிற்காது, அழுத்தம் இறங்கியதும் பம்ப் திரும்பத் திரும்ப ஓடித் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது கீழ் வீட்டுக் கூரையில்தான் அது தெரியவரும்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகும்போது லைன் வால்வை மூடி, ஆர்.ஓ.வின் பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் மேக்கரையும் அணைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ரெண்டு மூணு லிட்டர் வெளியேற்றிவிட்டு, கூடையில் பழைய வாடை பிடித்திருக்கும் ஐஸைக் கொட்டிவிட்டு ஐஸ் மேக்கரைப் போடுங்கள்.